ஐம்பத்து நான்கு வயதில் மறதி நோய்: நான் இனி மனைவியா, தாதியா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கணவருக்கு வயது 54, அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். அவருக்கு அல்சைமர் நோய் தொடங்கியிருப்பதாகச் சென்ற ஆண்டு நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போது சொன்னது பத்து நிமிடத்தில் மறந்துபோகிறது. ஆனால் கல்லூரியில் உடன் படித்தவர்களின் வரிசை எண்களைக்கூட இன்றும் பிழையில்லாமல் சொல்கிறார். பீரோவில் தானே இடம் மாற்றி வைத்த பணத்தை நீங்கள் எடுத்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறார். திருமண நாளை மறந்துவிட்டார். அன்று நீங்கள் சண்டை போட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறீர்கள். “இவர் இதை வேண்டுமென்றே செய்கிறாரா?” என்பது நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி. ஆனால் கடைசி வரியில், “47 வயதில் நான் இவருக்கு மனைவியா, தாதியா என்று நினைப்பதே பாவமா?” என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க வந்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு, இருபது ஆண்டுகளுக்கு மேல் நினைவாற்றல் பரிசோதனை மையத்தில் மருத்துவ உளவியலாளராக இருந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும். நான் மருந்து எழுதும் மருத்துவர் அல்லன், வழக்கறிஞரும் அல்லன். அந்த இரண்டைப் பற்றியும் கீழே சொல்லப்போவதை உங்கள் மருத்துவரிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டுமென்றே செய்யவில்லை, இது உறுதி. புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கும் வேலையைச் செய்வது மூளையின் உட்புறத்தில், காதுக்கு நேர் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸும் அதைச் சுற்றியுள்ள பகுதியும். வழக்கமான அல்சைமர் நோய் முதலில் தாக்குவது அந்த இடத்தைத்தான். பழைய நினைவுகளோ மூளையின் மேற்பரப்பில் பல இடங்களில் பரவி, பல முறை நினைத்து நினைத்து உறுதிப்பட்டவை. அவை கடைசியில்தான் கலைகின்றன. புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்பதைப் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881-இலேயே எழுதிவிட்டார். ஆகவே முப்பது ஆண்டுக்கு முந்தைய வரிசை எண் நினைவிருப்பதும், காலையில் நீங்கள் சொன்ன சொல் நினைவில் இல்லாததும் ஒரே நோயின் இரண்டு பக்கங்கள். அவர் உங்கள் பேச்சைப் பொருட்படுத்தாமல் மறக்கவில்லை. அந்தப் பேச்சு உள்ளே எழுதப்படவே இல்லை.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு, பெரும்பாலான சண்டைகள் இதில்தான் தொடங்குகின்றன. “எனக்கு ஒன்றும் இல்லை, நீதான் என்னைப் பைத்தியக்காரனாக்குகிறாய்” என்று அவர் சொன்னால், அது வீம்பாகவோ மறைப்பாகவோ இருக்க வேண்டியதில்லை. தன் குறையைத் தானே கவனிக்கும் திறனும் மூளையின் ஒரு வேலைதான். அந்த வேலையையும் நோய் கெடுக்கிறது. கண் தெரியாதவருக்குத் தெரியவில்லை என்பதாவது தெரியும்; இங்கே அதுவும் தெரியாமல் போகலாம். இன்னொரு புறம், உறவினர் வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் பழையபடி சிரித்துப் பேசி அனுப்பிவிடுவார். அவர்கள் வாசலில் நின்று, “நல்லாத்தானே இருக்காரு, நீதான் பெருசுபடுத்துற” என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு மணி நேரம் பழக்கத்தாலும் பெருமுயற்சியாலும் நடப்பது; அதற்கான விலையை அன்று மாலை களைப்பாகவும் எரிச்சலாகவும் நீங்கள் ஒருவர்தான் பார்ப்பீர்கள். நடிக்கிறார் என்ற எண்ணம் உங்களுக்கு வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

நம் மொழியில் இந்த நோய்க்கு ஒட்டிக்கொண்ட பெயரும் தீங்கு செய்கிறது. “முதுமை மறதி” என்று சொல்லிச் சொல்லி, முதுமை இல்லாதவருக்கு இது வராது என்று நாமே நம்பிவிட்டோம். மறதி நோய் என்பது பொதுப் பெயர், அல்சைமர் அதில் ஒரு வகை; 65 வயதுக்கு முன் தொடங்கினால் அதை இளவயது மறதி நோய் என்கிறோம். உலக அளவில் 30 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் லட்சத்துக்குச் சுமார் 119 பேருக்கு இது இருப்பதாக 2021-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. அரிதுதான், ஆனால் அந்த வயதில் யாரும் எதிர்பார்க்காததால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. வேலைப் பளு என்பார்கள், சர்க்கரை என்பார்கள், ஆண் என்றால் குடியோ என்பார்கள், பெண் என்றால் மாதவிடாய் நிற்கும் காலம் என்பார்கள். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படி அலைந்த பிறகுதான் வருகிறார்கள். அந்த ஆண்டுகளில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லியே கழித்திருப்பார்கள். அப்போது பேசிய பேச்சுகளுக்காக உங்களை நீங்கள் தண்டித்துக்கொள்ளாதீர்கள். நோய் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உண்மையில் இந்த நோயின் வரலாறே இளவயதில்தான் தொடங்குகிறது, அதுவும் ஒரு திருமணத்துக்குள். 1901-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் பார்த்த ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 51. அவரிடம் முதலில் தெரிந்த மாற்றம் மறதி அன்று. கணவர் மேல் ஏற்பட்ட சந்தேகம். பல ஆண்டு சுமுகமாக வாழ்ந்தவர், திடீரென்று கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று குற்றம் சாட்டத் தொடங்கினார். மருத்துவர் அவரிடம் பெயர் கேட்டபோது “ஆகுஸ்டே” என்றார். கணவர் பெயர் கேட்டபோதும் “ஆகுஸ்டே என்று நினைக்கிறேன்” என்றார். 1906-இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து அல்சைமர் சொன்னதுதான், 1910-இல் அந்த மருத்துவரின் பெயராலேயே ஒரு நோயாக மருத்துவ நூலில் ஏறியது. உங்கள் வீட்டு பீரோப் பணத்தின் கதை நூற்றிருபது ஆண்டு பழையது என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன். பணத்தை வைத்த இடம் பதியவில்லை, பணம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது, வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆகவே நீங்கள். கணித ஆசிரியர் அல்லவா, கிடைத்த தகவலை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார். தகவல்தான் பாதி காணாமல் போயிருக்கிறது. அந்த நேரத்தில் “நான் எடுக்கவில்லை” என்று வாதாடுவதை விட, “வாங்க, சேர்ந்து தேடுவோம்” என்று எழுந்துவிடுவது பலன் தரும்.

இனி, எது உறுதியில்லை என்பதற்கு வருகிறேன். அவரைப் பார்க்காமல் அவருடைய நோய் எது என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் இந்த வயதில், சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடி முடித்துவிட்டார்களா என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, நீண்ட மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், குடிப்பழக்கம், சில தூக்க மாத்திரைகள், தலையில் அடிபட்டு மெதுவாகச் சேர்ந்த இரத்தக் கட்டி, சிபிலிஸ், எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனைகளும் எம்.ஆர்.ஐ. படமும் இவற்றில் பலவற்றைக் காட்டிவிடும்; மனச்சோர்வு, தூக்கம், குடி, மாத்திரை ஆகியவற்றைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். அதேபோல, இளவயதில் எல்லாம் அல்சைமரும் அல்ல. நினைவு ஓரளவு நன்றாக இருந்து, குணம் மாறி, கூச்சம் போய், இனிப்பாகத் தின்று, பிறர் துன்பத்தைக் கண்டு கலங்காத நிலை முதலில் வந்தால் அது மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வேறு வகை. கண் மருத்துவர் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் படிக்கட்டு தெரியவில்லை, வரி விட்டு வரி தாவுகிறது என்றால், அது பின்பகுதியைத் தாக்கும் வகை. இந்தப் பிரிவு முக்கியம், ஏனென்றால் அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் போன்ற மாத்திரைகள் முன்பகுதி வகையில் பயன் தருவதில்லை, சிலருக்குக் கிளர்ச்சியைக் கூட்டவும் செய்கின்றன.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் ஆகியவை நோயை நிறுத்துவதில்லை. சிலருக்குச் சில காலம் அன்றாட வேலைகளில் சிறிது தெளிவு தருகின்றன. அமெரிக்காவில் 2023-இல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப், 2024-இல் அனுமதி பெற்ற டொனனெமாப் ஆகியவை மூளையில் படியும் புரதத்தை அகற்றும் ஊசிகள். மிகத் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்; லெகனெமாப் ஆய்வில் 18 மாதங்களில் சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. சரிவு நின்றுவிடவில்லை, மூளையில் வீக்கமும் நுண்ணிய இரத்தக் கசிவும் ஏற்படும் அபாயம் உண்டு. அந்த 27 விழுக்காட்டை வீட்டிலிருப்பவர்கள் கண்ணால் உணர முடியுமா என்பதில் வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. வல்லாரையை உணவில் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது இழந்த நினைவை மீட்டது என்பதற்குச் சான்று இல்லை. அதற்காக மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எத்தனை ஆண்டு என்று அடுத்து எல்லோரும் கேட்பார்கள். நான் எண் சொல்வதில்லை. ஐந்து ஆண்டில் படுக்கையானவரையும் பார்த்திருக்கிறேன், பன்னிரண்டாம் ஆண்டில் மனைவியோடு நடந்தே கோவிலுக்குப் போனவரையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. எழுபத்தைந்து வயதுத் தம்பதிக்கு இது வந்தால் பிள்ளைகள் நிலைபெற்றிருப்பார்கள், வீட்டுக்கடன் முடிந்திருக்கும், ஊரும் அதை எதிர்பார்த்திருக்கும். நாற்பத்தேழு வயதில் அப்படி ஒன்றும் இல்லை. மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, மகள் கல்லூரியில் இருக்கிறாள், மாமியார் உயிரோடு இருந்து மகனைக் கண்டு அழுகிறார், சில வீடுகளில் மருமகளைக் குறையும் சொல்கிறார். கணவர் உயிரோடு, திடமாக, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஒரு முடிவு எடுப்பதற்கு எதிரில் ஆள் இல்லை. இறந்துபோயிருந்தால் ஊர் கூடி அழ ஒரு நாள் குறித்திருக்கும், பதினாறாம் நாள் என்று ஒன்று வந்திருக்கும். இந்த இழப்புக்கு நாளும் இல்லை, சடங்கும் இல்லை. ஆகவே நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதே யாருக்கும் தெரிவதில்லை. என்னிடம் வந்த மனைவியரில் பலர் அதிகம் வருந்தியது வேலைப் பளுவுக்காக அன்று. “முதல் வாடகை வீட்டில் மழை ஒழுகி ராத்திரி முழுக்கப் பாத்திரம் வைத்தோமே, அதைச் சொன்னால் சிரிக்க இனி எனக்கு ஆள் இல்லை” என்று ஒருவர் சொன்னார். இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு வாழ்க்கைக்கு இரண்டு சாட்சிகள் இருந்தனர், இப்போது ஒருவர்தான். அதை உணர்கிற மனம் “நான் தாதியா” என்று கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. பாவம் இல்லை. கோபமும், சில இரவுகளில் “இது சீக்கிரம் முடிந்தால் தேவலை” என்ற நினைப்பும்கூட, என் அனுபவத்தில், நன்றாகப் பார்த்துக்கொள்ளும் மனைவியருக்குத்தான் அதிகம் வருகின்றன. பார்த்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தக் களைப்பே இல்லை.

ஆனால் மனைவியா தாதியா என்று இப்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நோய் தெரிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பல குடும்பங்கள் ஒரே தவற்றைச் செய்வதைப் பார்க்கிறேன். அவரிடம் நோயின் பெயரைச் சொல்லாமல், அவரைக் கேட்காமல், எல்லா முடிவையும் மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் இன்னும் யோசித்துச் சொல்லக்கூடிய காலம் அதுதான், அது திரும்ப வராது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, கணவர் வங்கி ஊழியர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதினார்கள். வண்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்று யார் சொன்னால் கேட்பேன் (தம்பி சொன்னால் கேட்பேன், மகன் சொன்னால் கேட்கமாட்டேன்). என்னைக் குளிப்பாட்ட ஆள் வைக்கும் நிலை வந்தால் ஆண் ஆளாக இருக்கட்டும். உன்னையே அடையாளம் தெரியாமல் போனால் என்னை இல்லத்தில் சேர்த்தாலும் அது துரோகம் இல்லை. கடைசி வரி அவர் கையெழுத்தில் இருந்தது. ஆறு ஆண்டு கழித்து அந்த நிலை வந்தபோது, மாமனார் வீட்டார் எதிர்த்துப் பேசியபோது, அந்த அம்மையார் நோட்டை எடுத்து வைத்தார். அதை எழுதச் சொன்னது நான் அல்லன், அவர்களாகச் செய்தது. அதன்பின் வருகிற எல்லோரிடமும் நான் சொல்கிறேன். உங்கள் கணவர் இன்னும் அந்தக் காலத்தில் இருக்கிறார் என்று உங்கள் எழுத்திலிருந்து தோன்றுகிறது.

சட்டமும் இந்தக் காலத்தைத்தான் கேட்கிறது. நம் பத்திரங்களில் “பூரண அறிவுடனும் சுயநினைவுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றி” என்று ஒரு வாசகம் வருமே, அது வெறும் சம்பிரதாயம் அன்று. உயில் எழுதுவதற்கு அந்த நிலை வேண்டும். நோயின் பெயர் வந்துவிட்டதாலேயே அந்த நிலை போய்விட்டது என்று பொருள் இல்லை, ஆகவே எழுதும் நாளிலேயே மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. “பவர் எழுதி வாங்கிக்கொண்டால் போதும்” என்று பத்திர அலுவலக வாசலில் சொல்வார்கள், அது போதாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் முடிந்துவிடுகிறது. தேவைப்படுகிற நேரத்தில்தான் அது செல்லாது போகும். வங்கிக் கணக்கை இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றுவது, நியமனதாரர் பெயர்களைச் சரிபார்ப்பது, எந்தக் கடன் எங்கே என்று எழுதி வைப்பது ஆகியவற்றை இப்போதே செய்யுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவையும் சூழல் உணர்வையும் பெரிதும் பாதிக்கும் கோளாறுகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன்படி தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. காலம் கடந்துவிட்டால் நீதிமன்றம்தான் வழி. ஆழ்மயக்கத்தில் கிடந்த ஒருவருடைய சொத்தை விற்றுச் செலவு செய்ய அவர் மனைவியையே பாதுகாவலராகச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் நியமித்தது. முடியாதது இல்லை, ஆனால் அலைச்சல்.

வேலை பற்றி ஒன்று. பள்ளியில் சங்கடம் வந்ததும் “விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள், கௌரவமாக வந்துவிடலாம்” என்று உடன் வேலை செய்பவர்கள் நல்லெண்ணத்தில் சொல்வார்கள். உடனே கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. வகுப்பெடுக்க முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், அப்படி ஒன்றும் இல்லையென்றால் பொருத்தமான பணியிடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் மறதி நோய் என்று தனிப் பெயர் இல்லை. மனநோய், நாள்பட்ட நரம்பியல் நோய் என்ற தலைப்புகளின் கீழ்தான் சான்று கேட்க வேண்டியிருக்கும். எந்தத் தலைப்பில் எத்தனை விழுக்காடு கிடைக்கும் என்பது மருத்துவக் குழுவைப் பொறுத்தது. ஆகவே சான்று முதலில், ஓய்வுக் கடிதம் பிறகு.

நீங்கள் கேட்காத, பெரும்பாலான பெண்கள் கேட்கத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, மாத்திரையை வாயில் போட்டுவிட்டு, குளியலறை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, இரவில் அதே மனிதரோடு மனைவியாக இருக்க மனம் ஒப்பவில்லை என்பது மிகப் பொதுவான அனுபவம். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் அதில் குற்றமில்லை; மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, தனிக் கட்டிலில் படுப்பது கைவிடுவது ஆகாது. சிலருக்கு நோயால் நாட்டம் குறையும்; சிலருக்குக் கூடி, முன்பிருந்த பக்குவம் இல்லாமல் போகும். பிந்தையது நடந்தால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வழி இருக்கிறது. உடலுறவு விட்டுப்போன பின்னும் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, தலையில் எண்ணெய் வைத்துவிடுவது ஆகியவை பல தம்பதியருக்குக் கடைசி வரை நிலைக்கின்றன.

தொடுதலைச் சும்மா சொல்லவில்லை; நடந்தது மறந்தாலும் அது தந்த உணர்வு தங்குகிறது. 2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான படத் துண்டுகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் படத்தை மறந்துவிட்டார்கள். ஆனால் அது எழுப்பிய உணர்வு நெடுநேரம் நீடித்தது. பங்கேற்ற நோயாளிகள் 17 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் வீடுகளில் நாங்கள் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. காலையில் போட்ட சண்டையின் காரணம் அவருக்கு நினைவில்லை. ஆனால் மதியம் வரை முகம் தொங்கியிருக்கும், ஏன் என்று அவருக்கே தெரியாது. “இப்பத்தானே சொன்னேன்”, “ஞாபகம் இல்லையா” என்ற இரண்டு தொடர்களையும் வீட்டில் விட்டுவிட முடிந்தால் பாதிச் சண்டை குறையும். தினமும் முடியாது. முடியாத நாளில் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வந்தால் அவர் புதிதாகத் தொடங்குவார், இந்த நோயில் கிடைக்கிற ஒரே சலுகை அதுதான்.

மனைவி பெயர் நினைவிருக்கிறதா என்று அவரை உறவினர்கள் சோதித்துப் பார்ப்பார்கள், அதைத் தடுத்துவிடுங்கள். நம் ஊரில் முப்பது ஆண்டு குடும்பம் நடத்தியும் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்கள் உண்டு; “இந்தாம்மா” என்றே வாழ்ந்தவரிடம் திடீரென்று பெயர் கேட்டால் நோய் இல்லாதவரே ஒரு கணம் தடுமாறுவார். பெயர் போன பின்னும் “இவள் என் ஆள்” என்ற உணர்வு இருக்கக்கூடும். கூட்டத்தில் உங்கள் புடவைத் தலைப்பைத் தேடுவார், நீங்கள் வந்து உட்கார்ந்ததும் கையிலிருந்த நடுக்கம் நிற்கும். எனக்குத் தெரிந்தவரை அளந்து பார்க்க இதைவிடச் சரியான கோல் கிடையாது.

இந்த நோய் மகளுக்கும் வருமோ என்ற அச்சத்தை ஒரே வரியில் தொட்டிருக்கிறீர்கள். உறுதியானது இது: மூன்று மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் குறிப்பிட்ட மாற்றத்தால் வரும் அல்சைமர், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் இளவயது அல்சைமரிலும் இப்படி வருபவை சிறுபான்மையே, அவற்றில் பெரும்பாலும் தலைமுறைக்குத் தலைமுறை நாற்பது ஐம்பது வயதில் நோய் வந்த வரலாறு இருக்கும். உங்கள் மாமனார் மாமியார் வழியில் அப்படி யாரும் இல்லையென்றால் அச்சம் வெகுவாகக் குறைகிறது. முற்றிலும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வரன் பார்க்கும் நேரத்தில் பேச்சு வரும் என்று இதை மறைக்கிற வீடுகளில், உதவிக்கு வரக்கூடிய கைகளும் சேர்ந்து மறைந்துபோகின்றன. மகள் பரிசோதனை செய்துகொள்வதா என்பது, மரபணு ஆலோசகரிடம் பேசிய பின், அவளே எடுக்க வேண்டிய முடிவு.

உங்களுக்கு உதவி வேண்டும் என்பதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நியூயார்க்கில் 406 தம்பதியரை வைத்து நீண்ட காலம் நடந்த ஓர் ஆய்வில், நோயாளியின் கணவருக்கோ மனைவிக்கோ சில அமர்வுகள் ஆலோசனையும், குடும்பத்தாரைக் கூட்டிப் பேசுவதும், தொடர்ந்து அழைத்துப் பேச ஓர் ஆளும் கிடைத்தபோது, நோயாளியை இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை இடைநிலைக் கணக்கில் 557 நாட்கள் தள்ளிப்போனது. எந்த மாத்திரைக்கும் இந்த அளவு பலன் நான் கண்டதில்லை. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தில் மறதி நோய்க்கென்று தனிப் பிரிவு உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸில் சிறப்புச் சிகிச்சை உண்டு. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உண்டு. நள்ளிரவில் யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில், “ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்” என்கிற மைத்துனரிடம் ஏதாவது என்று விடாமல், “வியாழக்கிழமை மாலை நான்கிலிருந்து ஏழு வரை அண்ணனைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள்” என்று கிழமையும் மணியும் சொல்லிக் கேளுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள். அவர் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

திருமண நாள் பற்றி. அடுத்த முறை அவருக்கு நினைவிருக்கிறதா என்று மாலை வரை காத்திருந்து பார்க்காதீர்கள். காலையில் காப்பி கொடுக்கும்போதே “இன்னைக்கு நம்ம கல்யாண நாளுங்க” என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன ஓர் அம்மையார் எனக்குத் தெரியும். கணவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தார். பதினொரு மணிக்கு நாட்காட்டியைப் பார்த்துவிட்டு மறுபடியும் போனார். மாலையிலும் போனார். மூன்றாவது முறை பூக்காரம்மா காசு வாங்கவில்லையாம். மூன்று முழத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டேன் என்று அந்த அம்மையார் என்னிடம் சொன்னார்.